இராசமலர் ஐந்தும் இரண்டு முத்திரைகளும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அலுவலகங்கள் நெருக்கியடித்து நிற்கிற தெருவில், போட்டோக்கொப்பிக் கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவே, உடம்பு வைத்த ஒருவர் வாசலில் நின்றால் கதவு தேவைப்படாத அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. 'பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டப்படும். றப்பர் முத்திரை செய்யப்படும்' என்று பலகை சொல்லும். அங்கே நடக்கிற மூன்றாவது காரியத்தைப் பலகை சொல்லாது. மாவட்டத்தில் கோணலாகவோ கீறலாகவோ கண்ணில் படுகிற எந்தக் காசுக்கும் கடைசித் தீர்ப்பு வழங்கப்படுவது இங்கேதான். நீதவான் பெயர் இராசமலர் குலசிங்கம், வயது ஐம்பத்திரண்டு, வதிவிடம் பாலையூற்று. இந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. மேன்முறையீடு செய்ய நினைத்தவர்களும் அதே கடைக்குத்தான் வரவேண்டியிருந்தது.

வழக்கு எப்போதும் ஒரே வழக்குத்தான். ஒரு காசு கோணலாக இருக்கிறது. அந்தக் கோணல் அது பிறந்த நாணயசாலையிலேயே நேர்ந்ததா, வெளியே வந்து ஊர் சுற்றியபோது வாங்கியதா? பிறந்த இடத்துப் பிழை என்றால் அதைத் தேடி அலைகிற பைத்தியக்காரர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள்; கேட்ட விலை கொடுப்பார்கள். பிறகு வாங்கிய அடி என்றால், கடைக்காரர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் அதற்கு ஒரு ரொபி மிட்டாய் கிடைக்கலாம். ஆகவே இராசமலர் தன் கையாலேயே இரண்டு முத்திரைகள் செய்து வைத்திருந்தார். ஒன்று பச்சை மையில் 'அச்சுப்பிழை'. மற்றது சிவப்பு மையில் 'பின்னடி'. பரிசோதனை முடிந்ததும் ஒரு சிறு துண்டில் இரண்டிலொன்றைக் குத்தி, திகதி போட்டுக் கொடுப்பார். இந்தக் கதை தொடங்கும் நாள்வரை சிவப்பு அறுநூற்றுப் பதினொன்று. பச்சை நான்கு.

ஊரில் அவருக்கு எதிரிகள் எத்தனை பேர் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே நீங்கள் அறியலாம்.

ஓட்டோ ஓடுகிற தர்சன் ஒருநாள் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு ரூபாய்க் காசு வட்டத்தை விட்டுவிட்டு வெற்றிலை வடிவத்துக்கு வந்திருந்தது. இராசமலர் லென்சைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது காலமை ரெயினோ, பின்னேர ரெயினோ?"

"ஐயோ அக்கா, சத்தியமா மிச்சக் காசா வந்தது."

"ஓம், வந்ததுதான். வந்த பிறகு தண்டவாளத்தில வைச்சனீர்."

"எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"அச்சில பிழைச்சால் எழுத்து இடம் மாறும், இல்லாட்டி விழாமலே போகும். இது விழுந்த எழுத்து இழுபட்டுப் போய்க் கிடக்கு. இஞ்ச பாரும், சிங்கத்துக்குத் தலையில இருந்து வால் வரைக்கும் வயிறு."

தர்சன் சிவப்புத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரு மாதம் அவர் ஓட்டோ அந்தத் தெருவால் வரவில்லை. இராசமலர் அந்த மாதம் முழுவதும் நடந்தே வீட்டுக்குப் போனார், தலையை நிமிர்த்திக்கொண்டு.

அவருடைய ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் வரலாறு சுருக்கமானது. தொண்ணூற்று ஏழாம் ஆண்டு, எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு அலுவலகத்தில் அத்தாட்சி வாங்கினார். அந்த அலுவலகத்து முத்திரை தேய்ந்து தேய்ந்து, பதவிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மை அப்பிய ஒரு இடியப்பம் விழுந்தது. இது முத்திரையே இல்லை என்று இன்னொரு அலுவலகம் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. வேலை வேறொருவருக்குப் போயிற்று. இராசமலர் அழவில்லை. ஊரில் இத்தனை அலுவலகங்கள் இருந்தும் ஒழுங்கான முத்திரை ஒன்று இல்லையென்றால் இதில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டார். காப்பை விற்று மெசின் வாங்கினார். அவருக்கு வேலை மறுத்த இரண்டு அலுவலகங்களுக்கும் இன்று அவரே முத்திரை செய்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்க மாட்டார். கதிரையில் கொஞ்சம் பின்னால் சாய்வார், அவ்வளவுதான்.

முத்திரை செய்கிறவர்களுக்கு எழுத்து இடம்வலம் மாறித் தெரியவேண்டும். இராசமலர் மூன்று மொழியையும் கண்ணாடியில் விழுந்த மாதிரி வாசிப்பார், எழுதுவார். அம்புலன்ஸ் வண்டியின் முன்பக்கத்தில் எழுத்துகள் திரும்பிக் கிடப்பதை முதன்முதலில் கண்டபோது, "தொழில் தெரிஞ்ச ஒருத்தன் எழுதியிருக்கிறான்" என்று பாராட்டியவர் அவர். திறப்பு வெட்டும் சக்கரமோ உலோகத்தைப் பற்றிய மிச்சப் பாடத்தை நடத்தியது. வெட்டுப்பட்ட உலோகம் எப்படி மினுங்கும், நசுங்கியது எங்கே பிதுங்கும், அராவியது எந்தக் கையால் அராவியது என்பதெல்லாம் இருபத்தெட்டு வருசம் தினமும் கண்முன்னே நடந்தது.

மூதூர் ஆமினா உம்மாவின் காசைச் சொன்னால் அவருடைய திறமை விளங்கும். பிறை மாதிரி ஒரு கடி குறைந்த காசு அது. "எலி கடிச்ச காசு புள்ள, எந்தக் கடையிலயும் எடுக்கிறானுகள் இல்ல" என்று ஆமினா உம்மா அதைத் திறப்பு வெட்டின கூலியோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்த்தார். இராசமலர் கடிபட்ட இடத்தைப் பார்க்கவேயில்லை. அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பார்த்தார். அங்கே விளிம்பு சரியாக எழும்பாமல் மழுங்கியிருந்தது. தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது முதல் வெட்டிய ஓட்டைக்குள் கொஞ்சம் போய்விட்டால் பிறை குறையும். பிறகு விளிம்பை உயர்த்தும் மெசினில் உருளும்போது, குறைந்த பக்கம் பிடிமானம் கொடுக்காததால் எதிர்ப்பக்கமும் எழும்பாது. வீட்டில் அரத்தோடு உட்காருகிற கள்ளனுக்கு இந்த எதிர்ப்பக்கத்துச் சமாச்சாரம் தெரியாது. எலிக்கும் தெரியாது. பச்சை முத்திரை விழுந்தது. ஆமினா உம்மா அந்தக் காசை விற்ற பணத்தில் வீட்டுக்கூரை மாற்றினார். எலியை மட்டும் கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி நான்காவது பச்சைக்கு வருவோம். அது இராசமலருடைய சொந்தக் காசு.

கொரோனாவுக்கு முந்தின வருசம் கடை மேசை லாச்சியில் ஒரு பழைய பித்தளை ஐந்து ரூபாய் கிடந்தது. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாயிருந்தது. மறுபக்கம், அரச இலச்சினை இருக்கவேண்டிய இடத்தில், பெரிய 5 ஒன்று இடம்வலம் மாறிக் குழியாகப் பதிந்திருந்தது. அதைச் சுற்றி மூன்று மொழி எழுத்தும் அப்படியே மாறிக் கிடந்தன. கீழே ஆண்டில் முதல் இரண்டு இலக்கம் தெரிந்தது: 20. மிச்சம் அழிந்துவிட்டது. வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் இது ஏதோ அடிபட்ட சாமான் என்று எறிந்திருப்பார்கள். இராசமலர் செய்தித்தாள் வாசிப்பது போல அதை வாசித்தார். நாணயசாலையில் அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெறுந்தகட்டில் அதன் முகம் இப்படித்தான் திரும்பிப் பதியும். மிக அருமையான பிழை. உலகமே இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டிருக்க, இந்தக் காசு மட்டும் தன்னை வாசிக்கத் தெரிந்த ஒரே கடையைத் தேடி வந்திருக்கிறது என்று அவர் நம்பினார். அதை நம்பாமல் விட அவர் மனுசர் இல்லையா?

பச்சை முத்திரை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

கிண்ணியாவில் பழைய காசும் தபால்தலையும் விற்கிற முத்தலிப் நானா, திருகோணமலை நாணய அன்பர் வட்டத்தின் தலைவர். பதினான்கு உறுப்பினர்களையும் கூட்டி அந்தக் காசுக்கு 'இராசமலர் ஐந்து' என்று பெயர் சூட்டினார். அதற்குப் பிறகு இராசமலரின் கணவர் குலசிங்கம் தன்னை அறிமுகப்படுத்தும் முறையை மாற்றிக்கொண்டார். அதுவரை, "நான் காணிக் கந்தோரில வேலை" என்பவர், "நான் இராசமலர் ஐந்தின்ர வீட்டுக்காரர்" என்று தொடங்கினார்.

இந்த வருசம் புகழ் உச்சத்துக்கு வந்தது. இலங்கையின் அச்சுப்பிழைக் காசுகளுக்கெல்லாம் ஒரு புத்தகம் தயாரிக்கிற கொழும்பு ஜவ்பர் சேர், இளைப்பாறிய எஞ்சினியர், வட்டத்தின் கண்காட்சிக்குச் சனிக்கிழமை வருவதாக அறிவித்தார். இராசமலர் ஐந்தை நேரில் பார்த்துவிட்டு நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அச்சடிப்பாராம். இராசமலரின் படத்தோடு. புத்தகத்தில் ஏறினால் அந்தப் பெயர் நிலைத்துவிடும். தீர்ப்பு அவருக்குப் பிறகும் பேசும். இராசமலர் படத்துக்காகக் கத்தரிப்பூ நிறச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சல்லிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து கமலாதேவி வந்தார்.

கமலாதேவியின் புருசனுக்கு ஒரு போட் உண்டு. போட்டின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சினைக் களவு போகாமல் சங்கிலியால் பூட்டியிருந்தார்கள். திறப்பு கடலுக்குள் விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைத் திறப்பைக் கொண்டுவந்து இன்னொன்று வெட்டக் கேட்டார். வெட்டிக்கொண்டிருக்கும்போதே கைப்பையைத் துழாவி, தடித்த காசு மாதிரி ஒன்றை மேசையில் வைத்தார்.

"அக்கா, இதையும் ஒருக்கா பிரிச்சுத் தாங்கோ. நானும் இவரும் எவ்வளவோ பார்த்தம், ஏலாமல் போச்சு."

பார்த்தால் ஒரு காசு இல்லை. இரண்டு காசுகள் முதுகும் முதுகுமாகவோ முகமும் முகமாகவோ உப்புப் பூத்து ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன.

"இது என்ன பிள்ளை?"

"எஞ்சின் காசு அக்கா. புது எஞ்சின் பூட்டேக்க அம்மன் கோயில் தட்டில இருந்து ஒண்டும் வீட்டுக்காரி கையால ஒண்டும் எடுத்து, ரெண்டையும் சேர்த்து, எஞ்சினைப் பலகையோட இறுக்குற ஸ்குரூவுக்குக் கீழ வைப்பம். எஞ்சின் வழுக்காது. மற்றது, அம்மன் பார்த்துக்கொள்ளுவாள்தானே."

"எல்லாரும் வைக்கிறவையோ?"

"வைக்காட்டி ஆர் கடலுக்குப் போவினம்? இப்ப எஞ்சின் வேலைக்குக் கழட்டினது. நாளைக்குத் திரும்பப் பூட்டுறம். பிரிச்சு மஞ்சத் தண்ணியில கழுவித்தான் வைக்கோணும். ஒட்டின காசை வைக்கக் கூடாது."

இராசமலர் மெல்லிய தகடொன்றை இரண்டுக்கும் நடுவே விட்டு, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். காசுகள் பிரிந்து மேசையில் விழுந்தன. ஒன்று பிறகு வந்த இரும்பு ஐந்து, மேலே பித்தளை முலாம் பூசினது, அடிபட்டும் அசையாத சாதி. மற்றது பழைய பித்தளை ஐந்து. அதன் இலச்சினையை அழித்துக்கொண்டு, பெரிய 5 ஒன்று இடம்வலம் மாறிக் குழியாகப் பதிந்திருந்தது.

திறப்பு வெட்டும் மெசின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இராசமலருக்கு அதை நிற்பாட்டத் தோன்றவில்லை.

லென்சை எடுத்தார். மாறிக் கிடந்த எழுத்துக்குக் கீழே ஆண்டு முழுவதுமாகத் தெரிந்தது: 2006. காசைத் திருப்பினார். ஸ்குரூ நசுக்கித் தட்டையாக்கிய பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். அதன் சொந்த ஆண்டு, தேய்ந்தும் தேயாமலும்: 1994. தொண்ணூற்று நாலில் பிறந்த காசின் நெற்றியில் இரண்டாயிரத்து ஆறில் பிறந்த காசு முத்திரை குத்தியிருக்கிறது. எந்த நாணயசாலையாலும் இதைச் செய்ய ஏலாது. பன்னிரண்டு வருசம் ஒரு வெறுந்தகடு அச்சுக்குள் காத்துக் கிடக்காது.

பிறகு லாச்சியைத் திறந்து, வெல்வெட் பெட்டியிலிருந்து இராசமலர் ஐந்தை எடுத்தார். ஏழு வருசமாக அதன் முகத்தைத்தான் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். முதுகைத் தேய்மானம் என்று விட்டுவிட்டார். அளவுகோலில் அது மற்ற ஐந்துகளைவிடக் கொஞ்சம் அகலமாகக் காட்டியபோது அளவுகோல் பிழை என்று பக்கத்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது முதுகைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். தட்டைக்குள் இருந்து இரண்டு இலக்கம் மெல்ல எழும்பி வந்தது.

19.

முகத்தில் 20. முதுகில் 19.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரிப் போச்சு?" என்றார் கமலாதேவி.

"ஒண்டுமில்லை. சல்லியில எத்தினை எஞ்சின் இருக்கும்?"

"எண்பது தொண்ணூறு வரும்."

"பழைய எஞ்சினை வித்தால் இந்தக் காசை என்ன செய்வீங்கள்?"

"அது எஞ்சினோட போகக்கூடாது, வீட்டிலயும் இருக்கக்கூடாது. முதல் போற கடையில குடுத்துப்போடுவம். கொரோனாவுக்கு முதல் வருசம் எங்கட பழசை வித்த கையோட இவர் பூட்டு ஒண்டுக்குத் திறப்பு வெட்ட இஞ்சதான் வந்தவர்."

மேற்கொண்டு விசாரணைக்கு எதுவும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் கடைக்கு இரண்டு பேர் கூப்பிடப்பட்டார்கள். குலசிங்கம் கந்தோரிலிருந்து நேரே வந்தார். முத்தலிப் நானா கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் சுருட்டிக் கட்டின கண்காட்சித் துணிப் பனரோடு. இராசமலர், கமலாதேவியிடம் மறுநாள் காலைவரை கேட்டு வைத்துக்கொண்ட சோடியோடு சேர்த்து, மூன்று காசையும் மேசையில் வரிசையாக வைத்து விசயத்தைச் சொன்னார்.

"புள்ள," என்றார் முத்தலிப் நானா, "பனர் அடிச்சாச்சு."

"பனருக்காகக் காசு மாறுமோ நானா?"

"ஆறடிப் பனர். உங்கட பேர் நடுவுல, காசு பலாப்பழம் அளவுக்கு. நான் என்ன செல்லுறன் எண்டா, இத ஆரு கண்டுபிடிக்கப் போறான்? வட்டத்துல பதினாலு பேர். பன்னிரண்டு பேருக்குக் கண்ணுல வெள்ள விழுந்திருக்கு. ஒராள் சண்டை புடிக்கத்தான் வாறவர். மிச்சம் நானு. நான் ஒண்டும் பாக்கல்ல."

"ஜவ்பர் சேர் பார்ப்பாரே."

"அவர் முகத்தத்தான் பாப்பார். ஏழு வருசம் நீங்களே முகத்தத்தானே பாத்தீங்க?"

அந்த இடத்தில் நானா கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டார். இராசமலரின் கழுத்து நீண்டது. குலசிங்கம் ஆபத்தை உணர்ந்து குறுக்கே வந்தார்.

"மலர், நான் கந்தோரில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். பணிப்பாளருக்குக் கூட..."

"இஞ்சேருங்கோ, நீங்கள் கட்டினது என்னையோ, இந்தக் காசையோ?"

குலசிங்கம் உடனே எழும்பித் தேத்தண்ணி சொல்லப் போனார்.

நானாவின் யோசனைக்கு இராசமலர் சம்மதிக்கவில்லை என்பதற்காக அவரைப் பணிவுள்ள பெண் என்று நினைத்து நாம் இங்கே கண்கலங்கத் தேவையில்லை. அவர் அந்த இரண்டு நாளும் யோசித்தது நேர்மையைப் பற்றி இல்லை. தன் கண்ணைப் பற்றி. அறுநூற்றுப் பதினொரு பேர் சிவப்புத் துண்டோடு அந்த வாசலால் வயிறெரிந்து போயிருக்கிறார்கள். தண்டவாளத்துக்காரர், கற்பூரத்தில் காசைக் கருக்கி வேறு உலோகம் என்று கொண்டுவந்தவர், பிள்ளையின் அரைஞாணுக்கு ஓட்டை போட்டதைப் பிறவி ஓட்டை என்று சாதித்த ஆசிரியை. அத்தனை பேரின் காசையும் முதுகைத் திருப்பிப் பார்த்த கண், தன் காசில் ஏமாந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் அதே கண். இந்த இரண்டாவது பாதி எத்தனை பெரிய சாதனை! அதை ஊருக்குச் சொல்லாமல் லாச்சிக்குள் பூட்டிவைப்பதா? அவ்வளவு தன்னடக்கம் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. நாளைக்கு வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் அது அவமானம். இன்றைக்குத் தானே சொன்னால் அது தீர்ப்பு.

சனிக்கிழமை மண்டபத்தில் ஆறடிப் பனர் தொங்கியது. பலாப்பழம் அளவு காசின்மேல் பச்சை எழுத்தில் 'இராசமலர் ஐந்து'. கத்தரிப்பூச் சேலையில் இராசமலர், பக்கத்தில் குலசிங்கம், மரணவீட்டுக்கு வந்தவர் போன்ற முகத்தோடு. கமலாதேவி சல்லியிலிருந்து ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏன் என்று வட்டத்தாருக்கு விளங்கவில்லை. ஓட்டோக்காரத் தர்சனும் வந்திருந்தார். இலவசத் தேத்தண்ணி என்று கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

ஜவ்பர் சேர் மெலிந்த, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். இரண்டு கையாலும் காசை வாங்கி முகத்தை நெடுநேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் மாதிரியைப் பையிலிருந்து எடுத்தார். முத்தலிப் நானா மூச்சு விட்டார்.

"சேர், அதை ஒருக்கா வையுங்கோ," என்றார் இராசமலர். "முதல் காசைத் திருப்புங்கோ. சாய்ச்சுப் பிடியுங்கோ. இன்னும். இப்ப என்ன தெரியுது?"

"தேஞ்சிருக்கு."

"தேயேல்லை, நசிஞ்சிருக்கு. தேய்ஞ்சால் விளிம்பும் தேயும். விளிம்பைப் பாருங்கோ, பிதுங்கி நிக்குது. நடுவில ரெண்டு இலக்கம் இருக்கு, வாசியுங்கோ."

ஜவ்பர் சேர் லென்சை மாற்றினார். அவர் உதடு அசைந்தது. பிறகு காசை முகத்துக்குத் திருப்பினார், முதுகுக்குத் திருப்பினார், திரும்ப முகத்துக்கு.

"பத்தொன்பது," என்றார். "அப்ப இந்தப் பக்கம் இருபது எப்படி..."

"அதைத்தான் சொல்ல வந்தனான்," என்று இராசமலர் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். பதினைந்து நிமிசம் பேசினார். ஸ்குரூ இறுக்க, எஞ்சின் அதிர, இரும்புக் காசு பித்தளைக் காசில் எப்படிப் பதிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். கமலாதேவியின் எஞ்சின் சோடியைச் சான்றாகக் காட்டினார். அது அவசரத்துக்குத் திரும்ப எஞ்சினிலிருந்து கழட்டப்பட்டிருந்தது. அன்று அந்த போட் கடலுக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு துண்டை எடுத்து, சிவப்பு முத்திரையை அதன்மேல் ஓங்கிக் குத்தினார். பின்னடி, இலக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு, உரிமையாளர் இராசமலர் குலசிங்கம்.

"என்ர காசுக்கு நான் குடுத்த பச்சை பிழை. அதைப் பிழையெண்டு பிடிச்சதும் நான்தான். வேற ஆரும் பிடிக்கேல்லை, அதையும் எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கோ."

முதலில் கைதட்டியது தர்சன். ஏன் என்று பின்னால் கேட்டபோது, "அக்கா தன்ர காசுக்கே சிவப்புக் குத்தினவ எண்டால், என்ர காசு ரெயின் ஏறினதுதான் அண்ணே, இனி மறைச்சு என்ன?" என்றாராம். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. குலசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "நான் சிவப்புத் துண்டின்ர வீட்டுக்காரர்" என்றார். சல்லிப் பெண்கள் பனருக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். எண்பது எஞ்சினும் நாணயசாலை என்று தெரிந்தபின் அவர்கள் நின்ற நிலையே வேறாயிருந்தது.

முத்தலிப் நானா பனரைக் கழட்ட ஏணியில் ஏறினார். "விடுங்கோ நானா," என்றார் இராசமலர், "பேர் சரிதானே. காசுதான் பிழை."

ஜவ்பர் சேர் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அதைக் கிழிக்கப் போவதில்லை என்றும், எப்படி ஏமாறுவது என்ற புது அத்தியாயத்துக்கு அதுவே முதற்பக்கம் என்றும், கண்டுபிடித்தவர் என்று இராசமலரின் பெயர் போடப்படும் என்றும் சொன்னார். படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்பது மட்டுமே இராசமலரின் அபிப்பிராயமாக இருந்தது.

சனம் தேத்தண்ணிப் பக்கம் ஒதுங்கியது. ஜவ்பர் சேர் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டையின் உள்பையிலிருந்து, பஞ்சு வைத்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

"மிஸிஸ் குலசிங்கம், இது புத்தகத்துக்கு அட்டைப்படம். முப்பத்தொரு வருசமா என்னட்ட இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் குடுத்துக் கேட்டதில்ல. கேக்கத் தோணல்ல. இண்டைக்கு நீங்க செஞ்சதப் பாத்த பொறகு..."

இரண்டு ரூபாய். ஒரு பக்கம் கூர்மையாக அடித்த இலக்கம். மறுபக்கம் வெறுமை, ஒரு எழுத்தும் விழாத மினுமினுப்பு. ஒரு பக்கம் மட்டும் அச்சு விழுந்த காசு என்று அவர் நம்பி வைத்திருந்தது. இராசமலர் அதை உள்ளங்கையில் வைத்து நிறுப்பதுபோல ஒருமுறை தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் இலேசாகப் பட்டது. யன்னலோரம் போனார். லென்சை இடுக்கி, வெறுமைப் பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்தார். மினுக்கத்துக்குக் கீழே, வட்டம் வட்டமாக, தலைமயிரைவிட மெல்லிய கோடுகள். சுழலும் சக்கரம் ஒன்று உலோகத்தைக் கடித்துக்கொண்டு போகும்போது விட்டுச்செல்கிற கோடுகள். இருபத்தெட்டு வருசமாக ஒவ்வொரு திறப்பிலும் அவர் துகளை ஊதித் தட்டியதும் தெரிகிற அதே கோடுகள்.

அவர் லென்சைக் கண்ணிலிருந்து எடுத்து, கைப்பையிலிருந்த சிவப்பு முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். ஜவ்பர் சேர் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், மத்தியானம் சாப்பிட்டிட்டீங்களோ?"

"இன்னம் இல்லம்மா."

"அப்ப முதல் சாப்பிடுங்கோ."